தலை இரண்டு, கண் ஒன்று, கொம்பில் கால்: கரு கோணலானால் எங்கிருந்து தேட வேண்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கற்பித்தல் ஆய்வுக்கூடத்தில் கருவளர்ச்சிப் பயிற்சி வகுப்புக்குத் தவளை முட்டை, கோழி முட்டை, பழ ஈ எல்லாம் தயார் செய்து கொடுப்பது என் வேலை. வருஷா வருஷம் அதே ஏழெட்டுக் கோளாறுகள்தான் வரும், வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து "அக்கா, ஜீன் மாறிப்போச்சு போல" என்று சொல்லும். மாறியது ஜீன் இல்லை, அறையின் வெப்பம் அல்லது கடிகாரம் என்று கண்டுபிடிக்க அரை நாள் போகும். அந்த அரை நாளை மிச்சப்படுத்தத்தான் இது. பாடம் எதுவும் நடத்தப் போவதில்லை. கண்ணில் தெரியும் அறிகுறியைத் தேடி அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

போகும் முன் மூன்று கேள்விகள். எதுவும் செய்யாத கன்ட்ரோல் கருக்கள், அதே தாயின் அதே ஈட்டு முட்டைகள், எப்படி இருக்கின்றன? அவையும் கோணல் என்றால் உங்கள் மருந்தையோ ஜீனையோ பற்றிப் பேச்சே இல்லை, அந்த ஈட்டைக் கொட்டிவிடுங்கள். நேற்று இரவு அறையின் வெப்பம் என்ன? நினைவிலிருந்து சொல்ல வேண்டாம், அதிகபட்சமும் குறைந்தபட்சமும் காட்டும் வெப்பமானியைப் பாருங்கள். மூன்றாவது, மருந்து போட்டபோது கரு எந்த நிலையில் இருந்தது? "ஒன்பதரை மணிக்குப் போட்டோம்" என்பது பதில் ஆகாது. எத்தனை செல் என்று எண்ணினீர்களா என்று கேட்கிறேன்.

தவளைக் கரு: தலை இல்லை, சில நேரம் வாலும் இல்லை, வயிற்று உருண்டை மட்டும்

நாங்கள் வைத்திருப்பது இங்கே பிளாட்டானா என்று சொல்லும் நகத்தவளை, புத்தகத்தில் ஸீனோபஸ் லேவிஸ். 1920களின் கடைசியில் கேப் டவுனில் லான்சலாட் ஹாக்பென் அதை வைத்து ஹார்மோன் ஆராய்ச்சி செய்யப்போய், கர்ப்பிணியின் சிறுநீரை ஊசி போட்டால் இந்தத் தவளை முட்டையிடும் என்று தெரியவந்து, அப்புறம் உலகம் பூராவும் மருத்துவமனைகளுக்குக் கப்பலில் போன தவளை இது. கேப்பின் குளிர்ந்த குளங்களுக்குப் பழகியது. டர்பன் பிப்ரவரிக்கு அதன் முட்டை தாங்காது, கரு வளர்க்க 14 முதல் 23 டிகிரி வரைதான்.

எளிய காரணம்: யாரோ நல்லெண்ணத்தில் குளிர்ந்த கரைசலை ஊற்றியிருக்கிறார்கள். தைப்பூசக் காவடி சமயம், வெளியே நிற்க முடியாத புழுக்கம், குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. டர்பனை ஒட்டிய பீனிக்ஸிலிருந்து வரும் ஒரு தம்பி முட்டை பாழாகக் கூடாதே என்று ஃபிரிட்ஜில் இருந்த கரைசலை எடுத்து அப்படியே ஊற்றிவிட்டான். மறுநாள் முக்கால்வாசிக் கருவுக்குத் தலை இல்லை. விந்தணு நுழைந்த பிறகு முதல் செல் பிரிவுக்குள், 22 டிகிரியில் சுமார் 90 நிமிடம், முட்டையின் மேல்தோல் உள்ளிருக்கும் கூழின் மேல் சுமார் 30 டிகிரி நகர வேண்டும். அந்த நகர்வுதான் முதுகு எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கிறது. கடுங்குளிர், அழுத்தம், புற ஊதா ஒளி மூன்றுமே அதை நிறுத்திவிடும். முதுகுப்புறம் இல்லை என்றால் தலை இல்லை, முதுகுத் தண்டு இல்லை, அந்தக் கருவின் ஜீன்கள் எல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை.

பார்க்க வேண்டியது: முதல் ஒன்றரை மணி நேரத்தில் கரைசல் மாற்றினீர்களா, அதன் வெப்பம் என்ன? அடுத்து, புற ஊதா விளக்கு உள்ள மேசையில் தட்டு இருந்ததா? இரண்டும் இல்லை, கன்ட்ரோல் சரியாக இருக்கிறது, மருந்து போட்டவை மட்டும் தலையில்லாமல் இருக்கின்றன என்றால் மருந்தை நம்பலாம். எல்லாவற்றையும் 0 முதல் 10 வரையுள்ள அளவுகோலில் போட்டு எண்ணுங்கள்: 5 சாதாரணம், 0 வெறும் வயிறு, 10 முழுக்க முதுகும் தலையும். ஒரே ஒரு கருவைப் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டாதீர்கள், 50ஐ எண்ணிவிட்டு வாருங்கள்.

தவளைக் கரு: லித்தியம் போட்டோம், நினைத்ததற்கு நேர்மாறாக வந்தது

எனக்குப் பிடித்த கோளாறு இதுதான். லித்தியம் குளோரைடு 0.3 மோலாரில் 32 செல் நிலையில் ஆறேழு நிமிடம் வைத்துக் கழுவினால், உடல் சிறுத்துத் தலை பெருக்கும், கண் சுற்றிவர வளையமாகக் கூட வரும். இதே உப்பை நடு பிளாஸ்டுலா தாண்டிப் போட்டால், அதாவது பன்னிரண்டு பிரிவு முடிந்து கருவின் சொந்த ஜீன்கள் விழித்த பிறகு, தலைதான் சிறுக்கும். உப்பு மாறவில்லை, அது தூண்டும் விண்ட் என்ற செல் சமிக்ஞையும் மாறவில்லை. முதலில் அந்தச் சமிக்ஞை செல்லுக்கு "முதுகு" என்று கேட்கிறது, சில மணி நேரம் கழித்து "பின்பக்கம்" என்று கேட்கிறது.

அதனால் நேர்மாறான முடிவு வந்தால் பாட்டிலை மாற்றாதீர்கள், நேரத்தைப் பாருங்கள். 23 டிகிரியில் 32 செல் நிலை மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும், 16 டிகிரியில் எல்லாம் கிட்டத்தட்டப் பாதி வேகம். அச்சடித்த அட்டவணையில் இருக்கும் நேரம் உங்கள் அறைக்குப் பொருந்தாது. மின்வெட்டு நாளில் சொல்லவே வேண்டாம்.

பாதிக் கருவுக்குப் பெருந்தலை, பாதிக்குச் சிறுதலை என்று கலந்து வந்தால்? ஒரே தட்டில் வேறு வேறு நேரத்தில் கருவுற்றவை கலந்துவிட்டன. 4 செல் நிலையில் ஒன்றுபோல் இருப்பவற்றை மட்டும் பொறுக்கி மறுபடி செய்யுங்கள். அப்போதும் கலந்து வந்தால்தான் லித்தியத்தின் அடர்வைச் சோதிக்க வேண்டும்.

தவளைக் கரு: இரட்டைத் தலை

முதலில் இரண்டாவது அச்சை, அதாவது கூடுதலாக முளைத்த உடலை, உற்றுப் பாருங்கள், அதில் கண் இருக்கிறதா?

*கண்ணோடு முழுத் தலை இருக்கிறது.* ஊசி எதுவும் போடாத தட்டிலா? அப்படியானால் முட்டை சாய்ந்திருக்கிறது. ஃபைக்கால் கலந்த கெட்டிக் கரைசலில் முட்டை தன் உறைக்குள் உருண்டு நிமிர முடியாது. ஒரு செல் நிலையில் தட்டைச் சாய்த்து வைத்திருந்தால் உள்ளே உள்ள கனமான மஞ்சள் கரு புவியீர்ப்பில் வழிந்து இரண்டாவது முதுகை உண்டாக்கிவிடும். தட்டைச் சமமான மேசையில் வையுங்கள், சரியாகிவிடும். விண்ட் ஆர்.என்.ஏ. ஊசி போட்டீர்கள் என்றால் வேண்டியதே வந்திருக்கிறது, கோளாறு இல்லை.

*தலை இல்லாத வாலும் உடலும் மட்டும்.* வயிற்றுப்புறத்தை உண்டாக்கும் பி.எம்.பி. சமிக்ஞையை மட்டும் தடுத்தால் இப்படித்தான் வரும். தலை வேண்டுமென்றால் பி.எம்.பி.யையும் விண்டையும் சேர்த்துத் தடுக்க வேண்டும். இது 1990களின் பிற்பகுதியில் தெளிவான விஷயம், ஆனாலும் பாதிப் பேர் ஊசி சரியில்லை என்று ஊசியை உடைக்கிறார்கள்.

*இரண்டாவது அச்சே வரவில்லை.* முதுகுப்புறத்திலேயே ஊசி போட்டிருப்பீர்கள், அங்கே ஏற்கெனவே முதுகுதான் இருக்கிறது. 4 செல் நிலையில் வெளிறிய சின்னச் செல்கள் முதுகுப்புறம், கருத்த பெரிய செல்கள் வயிற்றுப்புறம். அடையாளம் சரியாகத் தெரியாத ஈடுகளும் உண்டு. ஒளிரும் சாயத்தைச் சேர்த்து ஊசி போட்டால் எங்கே போனது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். சாயம் சரியான இடத்தில் இருந்தும் ஒன்றும் நடக்கவில்லையா? ஆர்.என்.ஏ. உடைந்திருக்கும், ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். செலவு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தவளைக் கரு: குடல் உள்ளே போகாமல் வெளியே தொங்குகிறது

உப்பு. கிட்டத்தட்ட எப்போதும் உப்புதான். கேஸ்ட்ருலேஷன், அதாவது செல்கள் உள்ளே போகும் கட்டம், ஆரம்பிக்கும் முன், 23 டிகிரியில் ஒன்பது மணி நேரத்துக்குள், பத்தில் ஒரு பங்கு அடர்வுள்ள கரைசலுக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றினீர்கள், ஆனாலும் வந்தது என்றால், மூடி இல்லாத தட்டைக் குளிர்சாதனக் காற்றுக்கு நேரே வைத்துத் தண்ணீர் வற்றியிருக்கும்.

ஒற்றைக் கண்

முதலில் கருவைத் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் படுத்திருந்தால் எல்லாத் தலைப்பிரட்டைக்கும் ஒற்றைக் கண்தான்.

நிஜமாகவே நடுவில் ஒரு கண் என்றால்: கண் பகுதி கருவில் முதலில் ஒரே பட்டையாகத்தான் இருக்கும். அதன் கீழே நடுக்கோட்டில் இருக்கும் திசு சமிக்ஞை அனுப்பி இரண்டாகப் பிரிக்கிறது, அந்த வேலையில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞைப் புரதம் முக்கியப் புள்ளி. அது போய்ச் சேரவில்லை என்றால் பிரியாது. கண்ணை உண்டாக்கும் ஜீன்களில் குறை தேடுவது வீண், கண்தான் வந்திருக்கிறதே!

மலிவிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள். கரைசலில் மெக்னீசியம் கூடியிருக்கிறதா? நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஸ்டாக்கர்ட் மெக்னீசியம் குளோரைடில் மீன் முட்டையைப் போட்டு ஒற்றைக் கண் மீன்களை உண்டாக்கிக் காட்டியிருக்கிறார். அடுத்து, மருந்தைக் கரைத்த எத்தனால். வெறும் எத்தனால் மட்டும் ஊற்றிய ஒரு தட்டு வைத்தீர்களா? பெரும்பாலும் வைத்திருக்க மாட்டீர்கள், எத்தனாலே இதைச் செய்யும். இரண்டும் இல்லை என்றால்தான் அலமாரியில் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையைத் தடுக்கும் சைக்ளோபமைன் பாட்டிலை யார் எடுத்தது என்று கேட்க வேண்டும். அமெரிக்காவின் ஐடஹோவில் 1950களில் ஆடுகள் ஒற்றைக் கண் குட்டிகளை ஈன்றபோது, சினையாகிப் 14ஆம் நாள் தாய் ஆடு மேய்ந்த ஒரு மலைச்செடிதான் காரணம் என்று கண்டுபிடித்து, அதிலிருந்து பிரித்த பொருளுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். இதைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், இருக்கலாம் என்று நினைப்பவர்கள் அந்த மேசைப் பக்கமே வர வேண்டாம். வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலத்துக்கும் இதே விதிதான்.

இதயம் எதிர்ப்பக்கம்

சிரிக்காதீர்கள், பாதி நேரம் நுண்ணோக்கிதான். கூட்டு நுண்ணோக்கி படத்தைத் தலைகீழாகக் காட்டும், பிரிப்பதற்குப் பயன்படுத்தும் ஸ்டீரியோ காட்டாது. ஒருவர் ஒன்றில் பார்த்து, மற்றவர் இன்னொன்றில் பார்த்துவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். கருவின் வயிற்றுப் பக்கமிருந்து பார்க்கிறீர்களா, முதுகுப் பக்கமிருந்தா என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

அதுவும் சரி என்றால், ஒட்டிப் பிறந்த இரட்டைக் கருவா? அப்படியானால் வலப்பக்கத்து இரட்டைக்கு இதயம் இடம் மாறுவது இயல்பு, கருவளர்ச்சி ஆராய்ச்சியாளர் ஸ்பீமன் காலத்திலிருந்தே தெரியும். தனிக் கருவில் வருகிறது, கன்ட்ரோலைவிடத் தெளிவாக அதிகம் என்றால், இடப்பக்கம் மட்டும் தெரிய வேண்டிய நோடல், பிட்எக்ஸ் 2 ஆகிய ஜீன்களின் வேலையைச் சாயமேற்றிப் பார்க்க வேண்டும். அது மாணவர் வகுப்பில் முடியாது.

கோழிக் கரு: விரல்கள்

டர்பன்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பண்ணையிலிருந்து வந்த முட்டையை வெயில் காலத்தில் மேசையில் வைத்தால் அது அங்கேயே மெதுவாக வளர ஆரம்பித்துவிடும், 21 டிகிரிக்குக் கீழேதான் வளர்ச்சி நிற்கும். அப்புறம் இன்குபேட்டரில் 37.5 டிகிரியில் 70 மணி நேரம் வைத்து 20ஆம் நிலை என்று திறந்தால் ஒன்று 18, ஒன்று 23. 15 டிகிரி அளவில் ஒரு வாரத்துக்குள் பயன்படுத்துங்கள். மின்சாரம் இரண்டு மணி நேரம் போனால் கரு சாகாது, ஆனால் மணிக் கணக்கு செல்லாது. ஹாம்பர்கர், ஹாமில்டன் 1951இல் கொடுத்த 46 நிலைகளைப் படம் பார்த்து ஒப்பிடுங்கள்.

*விரல்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இரட்டித்தன.* கோழிச் சிறகின் மூன்று விரல்களுக்கு முன்னிருந்து பின்னாக 2, 3, 4 என்று பெயர். சிறகு மொட்டின் முன்விளிம்பில் பின்விளிம்புத் திசுவையோ ரெட்டினாயிக் அமிலத்தில் ஊறிய நுண்ணிய மணியையோ வைத்தால் 4-3-2-2-3-4 என்று வரும், அதுதான் நோக்கம். எதுவும் வைக்காத கருவில் வந்தால், எடுத்து வைத்த திசு நழுவி அங்கே போயிருக்கும்.

*2 மட்டும் கூடுதலாக வந்தது, 4 வரவில்லை.* சமிக்ஞை போதவில்லை. அளவு கூடக் கூட 2, அப்புறம் 3, அப்புறம் 4 என்று ஏறும். ரெட்டினாயிக் அமிலம் வெளிச்சத்தில் கெட்டுப்போகும், குழாயில் அலுமினியத் தாள் சுற்றியிருந்ததா? இந்த அளவுக் கணக்கைப் புரியவைத்தவர் நம் ஜோஹானஸ்பர்க்கில் பிறந்த லூயிஸ் வோல்பர்ட். அவர் முதலில் சிவில் இன்ஜினியர், மண் சோதனை செய்தவர். செல்லுக்குத் தன் இடம் எப்படித் தெரிகிறது என்று கேட்க அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டியிருந்தது போல.

*எஃப்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிப் புரத மணி வைத்தோம், ஒன்றும் முளைக்கவில்லை.* மணி எது? எஃப்.ஜி.எஃப்.புக்கு ஹெப்பாரின் பூசியது வேண்டும், ரெட்டினாயிக் அமிலத்துக்கு வைத்திருக்கும் பிசின் மணி உதவாது. மணி சரி என்றால் நிலை. விலாவில் கூடுதல் உறுப்பு முளைக்க 14ஆம் நிலையை ஒட்டி, ஐம்பது மணி நேரத்தில், வைக்க வேண்டும். மூன்று நாள் ஆன பிறகு வைத்தால் வீண்.

*முளைத்தது, ஆனால் சிறகு எதிர்பார்த்தோம், கால் வந்தது.* மணியைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டீர்கள். எஃப்.ஜி.எஃப். "முளை" என்று மட்டும்தான் சொல்லும். சிறகா காலா என்பதை அந்த இடத்துத் திசு ஏற்கெனவே வைத்திருக்கிறது, முன்னால் டி.பி.எக்ஸ். 5, பின்னால் பிட்எக்ஸ் 1, டி.பி.எக்ஸ். 4 என்ற ஜீன்களால். நடுவில் வைத்தால் இரண்டும் கலந்த ஒன்று வரும், பார்க்கப் பாவமாக இருக்கும். இந்தப் பிடிவாதம் எவ்வளவு என்றால், தொடையாகப் போகும் திசுவை எடுத்துச் சிறகு மொட்டின் நுனியில் வைத்தபோது அது தொடையாகவும் ஆகவில்லை, சிறகு நுனியாகவும் ஆகவில்லை, கால் விரலாக ஆனது. சாண்டர்ஸும் கூட்டாளிகளும் 1957இல் செய்தது. புது இடம் சொன்ன "நுனி"யைக் கேட்டுக்கொண்டு, பழைய "கால்" என்பதை விடவில்லை. ஊர் மாறினாலும் ரசத்துக்குப் புளியை விடாத நம் பாட்டிமார் மாதிரி.

பழ ஈ

*உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் கால்.* குப்பியின் பெயர்ச்சீட்டைப் படியுங்கள். கொம்பைக் காலாக்கும் ஆன்டெனாபீடியா பிறழ்வு உள்ள பக்கத்துக் குப்பியிலிருந்து ஒரு ஈ தப்பி வந்திருக்கும். சந்தேகம் இருந்தால் சாதாரண ஈயோடு கலப்பு செய்யுங்கள், பிள்ளைகளில் பாதிக்கு வந்தால் அதுவேதான். கொம்பு முழுதும் மாறாமல் நுனி மட்டும் பாதமாக மாறியிருந்தால் அது வேறு, அரிஸ்டாபீடியா. முதல் தலைமுறையில் மறைந்து அடுத்ததில் நாலில் ஒன்றாகத் திரும்ப வரும்.

*ஹால்டியர் வீங்கியிருக்கிறது.* பறக்கும்போது சமநிலைக்கு உதவும் அந்தச் சின்னக் குமிழ் பெரிதாகி மயிரோடு இருந்தால், "நாலு சிறகு ஈ கண்டுபிடிச்சிட்டோம்" என்று சத்தம் கேட்கும். எட் லூயிஸ் அதற்காக 1995இல் நோபல் வாங்கினார், நீங்கள் வாங்கப் போவதில்லை. டி.எம். 2, டி.எம். 6 என்ற சமன்படுத்தும் குரோமோசோம்களில் (ஒரு பிறழ்வைத் தலைமுறைதோறும் கலையாமல் வைத்திருக்க உதவுபவை) அடையாளத்துக்காகவே அல்ட்ராபைதோராக்ஸ் ஜீனில் பழுது வைத்திருக்கிறார்கள், நீங்கள் பார்ப்பது அதைத்தான். கலப்புக் குறிப்பைப் பாருங்கள். அதில் இல்லை என்றால், ஈயை மயக்க ஈதர் பயன்படுத்திய அறையில் முட்டைத் தட்டு இருந்ததா? முட்டையிட்ட மூன்றாவது மணி நேரத்தில் ஈதர் ஆவி பட்டால் அதே உருவம் ஜீன் பழுது இல்லாமலே வரும், அடுத்த தலைமுறையில் காணாமல் போகும்.

*காலில் கண் வரவேண்டும், வரவில்லை.* கண் உருவாக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும் ஐலெஸ் ஜீனைத் தவறான இடத்தில் இயக்கிக் காலிலும் சிறகிலும் கண் வரவைத்தது 1995இல் கேரிங்கின் பாசல் கூடம், எலியின் பாக்ஸ் 6 போட்டாலும் ஈயின் கண்ணே வந்தது. உங்களுக்கு வரவில்லை என்றால் 18 டிகிரியில் வளர்த்திருப்பீர்கள், ஜீனை வேண்டிய இடத்தில் இயக்கப் பயன்படும் கேல் 4 முறை குளிரில் சோம்பல், 25க்கு மாற்றுங்கள். வந்தது ஆனால் காலில் எல்லா இடத்திலும் இல்லை, ஒரு புள்ளியில் மட்டும் என்றால் அது கோளாறே இல்லை. அந்த ஜீனும் இருந்து, டி.பி.பி. போன்ற சமிக்ஞையும் வந்து சேர்கிற இடத்தில்தான் கண் பிடிக்கும்.

வெளி ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

இரண்டு வெவ்வேறு ஈடுகள், சரியான வெப்பப் பதிவு, கரைப்பான் மட்டும் போட்ட கன்ட்ரோல், எண்ணிய எண்கள் இவை நான்கும் கையில் இருந்து, கோளாறு அப்படியே திரும்ப வந்தால் மட்டும் டி.என்.ஏ. வரிசை பார்க்கக் காசு செலவழியுங்கள். ஈயாக இருந்தால் அதற்கு முன்னால் இண்டியானாவின் புளூமிங்டன் சேமிப்பகத்திலிருந்து அதே வகையைப் புதிதாக வரவழைத்து ஒப்பிடுவது மலிவு. தவளை தொடர்ந்து மூன்று முறை கெட்ட முட்டையிட்டாலோ, கால் சிவந்து சோர்ந்திருந்தாலோ ஊசியைக் கீழே வைத்துவிட்டு விலங்கு மருத்துவரைக் கூப்பிடுங்கள். குளத்திலிருந்து வேறு தவளை பிடித்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள், மாகாண அனுமதி வேண்டும், விலங்கு நெறிக்குழுவின் கையெழுத்தும் வேண்டும்.

மனிதக் குழந்தையைப் பற்றிய கேள்வியோடு என்னிடம் வருபவர்களும் உண்டு. அதற்கு நான் ஆள் இல்லை, மரபியல் மருத்துவரிடம் போங்கள்.

ஆனால் இந்தப் பட்டியலில் நான் அதிகம் கூப்பிட்ட ஆள் இவர்களில் யாரும் இல்லை, குளிர்சாதன மெக்கானிக்தான். அவர் எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன், நுண்ணோக்கிக்கு நேர் மேலே.